நண்டு எதை அனுப்புகிறது?

அத்தியாயம் 14

“இட்லி ஆறுது, பிரியா! அந்த நண்டை அப்பால மேய்ச்சிக்கலாம். மொதல்ல எறங்கி வா!”

மாமியார் தாட்சாயிணியின் குரல் மாடிப்படி ஏறி வந்தது. “இதோ அத்தை” என்றாள் கிருஷ்ணப்பிரியா. ஆனால் நாற்காலியை விட்டு அசையவில்லை.

அத்தை சொன்ன நண்டு குழம்பில் போடுகிற நண்டு அல்ல. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் பிரியாவும் இன்னும் சிலரும் சேர்ந்து எழுதிய மென்பொருள் கருவி அது. படம், பொத்தான் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் ‘நண்டு ஓட்டு’ என்று ஒரு வரி தட்ட வேண்டும். உடனே அது மாணவர் எழுதிய நிரலை எடுத்து ஓட்டிப் பார்த்து, எந்த வரியில் சறுக்குகிறது என்று சொல்லிவிடும். இப்படி வரி தட்டி வேலை வாங்குகிற கருவிகளுக்குத்தான் கமாண்ட் லைன் கருவிகள் என்று பெயர்.

வியாழக்கிழமை நடந்ததுதான் பிரியாவை சனிக்கிழமை காலையில் இப்படிக் கட்டிப் போட்டிருந்தது.

அவளுடைய நாத்தனார் ஹேமாவதி, வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறவள். துறைத் தலைவர் லோகநாதனிடம் விடாமல் பேசி, போன பருவத்தில் ஆய்வகக் கணினிகள் அத்தனையிலும் நண்டை ஏற்றியவளும் அவள்தான். வியாழக்கிழமை அவர் அவளைக் கூப்பிட்டுத் திரையின் அடியில் ஓடிய சின்ன வரியைக் காட்டினார். ‘பயன்பாட்டுத் தகவல் சேகரிக்கப்படுகிறது.’

“பசங்க பேரு, விவரம் ஏதாவது வெளிய போகுதாம்மா?”

ஹேமா அங்கேயே நின்று அண்ணிக்கு ஃபோன் போட்டாள். அடுப்படியில் கரண்டியும் கையுமாக இருந்த அண்ணி, “பேரெல்லாம் ஒன்னும் போகாது ஹேமா” என்றாள். ஹேமா அதை அப்படியே அவரிடம் சொன்னதோடு நிற்காமல், “எங்க அண்ணி எழுதுனது சார். நான் பொறுப்பு” என்றும் சேர்த்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை துறைக் கூட்டம். நண்டு ஆய்வகத்தில் இருக்கலாமா, கழற்றிவிடலாமா என்று அன்றைக்கு முடிவாகும். கழற்றினால் கருவி மட்டும் போகாது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடத்திலேயே ஹேமா தன் வாக்கைப் பணயம் வைத்திருக்கிறாள். அதுவும் சேர்ந்து போகும். அதே திங்கட்கிழமைதான் நண்டின் புதுப் பதிப்பும் வெளியாகிறது. “எல்லாம் சரி” என்று பிரியா இன்று சாயங்காலத்துக்குள் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும்.

நண்டின் அந்தப் பகுதியை எழுதியது பிரியாதான். எழுதும்போது இது என்ன செய்ய வேண்டும் என்று நினைத்தோமோ அது ஒன்று. ஓடும்போது அது உண்மையில் என்ன செய்கிறது என்பது வேறு. இரண்டும் ஒன்றுதானா என்று பார்க்காமலே கரண்டியும் கையுமாகச் சொல்லிவிட்டோமே என்று இரண்டு நாளாக அவளுக்குள் குத்திக்கொண்டிருந்தது.

ஹேமா இட்லித் தட்டோடு மேலே வந்தாள்.

“அம்மா குடுத்து அனுப்புனாங்க. சாப்பிட்டுக்கிட்டே சொல்லுங்க அண்ணி. இது என்ன, திரையில ரெண்டு ஜன்னல் தொறந்து வெச்சிருக்கீங்க?”

பிரியாவுக்கு இந்த மாதிரிக் கேள்வி வந்தால் பசி மறந்துவிடும்.

“நண்டு ஒவ்வொரு தடவை ஓடி முடிச்சதும் எங்க சர்வருக்கு ஒரு சின்னத் தகவல் அனுப்பும். எந்தக் கட்டளை, எவ்வளவு நேரம் ஆச்சு, தப்பு வந்துச்சா இல்லையா, அவ்வளவுதான். டெலிமெட்ரின்னு சொல்வாங்க. எங்க உடையுதுன்னு தெரிஞ்சாத்தானே சரி பண்ண முடியும்? யாரு ஓட்டுனாங்கங்கற இடத்துல பேரு இருக்காது. குலுக்கிப் போட்டு எடுத்த ஒரு நம்பர்தான் இருக்கும்.”

“சரி.”

“அது என்ன அனுப்புதுன்னு பாக்கணும்னா, வாங்குற எடத்துல போய் உக்காரணும். நம்ம சர்வர் எங்கேயோ இருக்கு. அதனால இந்த லேப்டாப்புக்குள்ளயே ஒரு பொய் சர்வர் வெச்சிருக்கேன். இடது பக்கம் இருக்கே, அதுதான். வந்ததை வாங்கித் திரையில கொட்டும். வேற வேலை கிடையாது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தன்னையே கூப்பிட்டுக்க ஒரு முகவரி இருக்குல்ல?”

“லோக்கல்ஹோஸ்ட்.”

“அதேதான். அந்த முகவரிக்கு அனுப்புனா பெட்டியை விட்டு வெளிய போகாது. நண்டுகிட்ட ‘இனிமே இங்க அனுப்பு’ன்னு சொல்லிட்டேன். வலது பக்கத்துல ஓட்டுறேன், பாரு.”

‘நண்டு ஓட்டு’ என்று தட்டினாள். நண்டு ஓடியது, முடிந்தது. இடது பக்கம் ஒன்றுமே வரவில்லை.

மறுபடி தட்டினாள். இடது பக்கம் அப்படியே காலியாக இருந்தது.

“அப்போ ஒன்னும் போகலைன்னு அர்த்தமா?” என்று ஹேமா முகம் மலர்ந்தாள்.

“இல்ல, எனக்கு வரலைன்னு அர்த்தம். ரெண்டும் ஒன்னு இல்ல.”

இன்னும் சில தடவை ஓட்டியும் பலனில்லை. சட்னி தொட்ட விரலோடு யோசித்துக்கொண்டிருக்கும்போது கைபேசி அடித்தது. நிறுவனத்தை நடத்துகிற நாகேந்திரன்.

“பிரியா, சனிக்கிழமை காலையில யாரும்மா அது? இன்னும் வெளியிடாத வெர்ஷன்லேர்ந்து நம்ம சர்வர்ல தகவலா வந்து விழுது.”

“ஐயோ, நான்தான் சார்.”

“டெஸ்ட் பண்ணுங்க, வேணாங்கல. நம்ம வாசல்ல கொட்டாதீங்க.”

பிரியா நெற்றியில் அடித்துக்கொண்டாள். புது முகவரியை அவள் இடது ஜன்னலில் தட்டியிருந்தாள். அப்படிச் சொல்கிற விஷயம் எந்த ஜன்னலில் சொல்லப்படுகிறதோ அங்கே மட்டும்தான் செல்லும். பக்கத்து ஜன்னலுக்கு அது தெரியவே தெரியாது. நண்டு ஓடியதோ வலது ஜன்னலில். பாவம், பழைய முகவரிக்கே ஒழுங்காக அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

“அம்மா வாசல் கேட்டாண்ட நின்னு யாருகிட்டயோ எதையோ சொல்லிட்டு, அடுப்படியில இருக்கிற என்கிட்ட வந்து ‘அதான் சொன்னேனேடி’ன்னு சண்டை போடுவாங்களே, அது மாதிரி” என்றாள் ஹேமா.

“இன்னாடி அங்க என் பேரு அடிபடுது?” என்று கீழேயிருந்து கேட்டது.

“ஒன்னுமில்லம்மா! உன்னைப் புகழ்ந்துகிட்டு இருக்கோம்!”

பிரியா வலது ஜன்னலில் முகவரியைச் சொல்லிவிட்டு மறுபடி ஓட்டினாள். இந்தத் தடவை இடது பக்கம் பொலபொலவென்று வரிகள் விழுந்தன. கட்டளை, ஓட்டு. பிழை, இல்லை. நேரம், இரண்டு நொடி. திட்டம், டெஸ்ட். பதிப்பு, கணினி வகை, குலுக்கிப் போட்ட எண். பிரியா ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தாள். யாருடைய பெயரும் இல்லை.

“ஒரு சந்தேகம் அண்ணி. நண்டுதான் வேலை முடிஞ்சு செத்துப் போச்சே. அப்புறம் யாரு உக்காந்து அனுப்புறது?”

“நல்ல கேள்வி. சாகறதுக்கு முன்னால ஒரு கண்ணிமைக்கிற நேரம் நிக்கும். கையில இருக்கறதைக் குடுத்துட்டுத்தான் போகும். அதுக்கு மேல நிக்கக் கூடாது. உன் பசங்க அடுத்த வரி தட்டணும், காத்துக்கிட்டு இருப்பாங்க இல்ல?”

அந்த நேரம் பார்த்து மின்விசிறி மெதுவாகச் சுற்றி நின்றது. கீழே மிக்ஸியும் பாதியில் அடங்கியது.

“போச்சு” என்றாள் ஹேமா. “இன்னைக்கு பராமரிப்பு வேலைன்னு மெசேஜ் வந்துச்சு. கரண்ட் சாயங்காலம்தான் வரும். இன்வெர்ட்டர் பேட்டரி வேற கடையில இருக்கு. வைஃபையும் போயிருக்கும். எல்லாத்தையும் மூடி வெச்சிட்டுத் திங்கட்கிழமை நான் போய் என்னத்தைச் சொல்றது?”

பிரியா சிரித்தாள். ஜன்னல் கதவை நன்றாகத் திறந்துவிட்டாள். பக்கத்து ஏரியின் காற்று வந்தது. நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலும் கூடவே வந்தது.

“எதையும் மூட வேணாம். நெட்டு இல்லாததுதான் இப்ப நமக்கு நல்லது. அனுப்புறதும் இந்தப் பெட்டி, வாங்குறதும் இந்தப் பெட்டி. நடுவுல நெட்டு எதுக்கு? நான் தப்பான ஜன்னல்ல தட்டுனாக்கூட இனிமே இந்த வீட்டை விட்டு ஒன்னும் வெளிய போகாது. பேட்டரி மட்டும் தாங்கணும்.”

திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு அவள் வேலையைத் தொடர்ந்தாள்.

முதலில், தகவல் அனுப்பாதே என்று நண்டிடம் சொல்லிப் பார்த்தாள். அப்படி அணைத்துவைக்க ஒரு வழி எப்போதும் இருக்க வேண்டும். அணைத்தால் குறைவாக அனுப்புவது போதாது, ஒன்றுமே அனுப்பக் கூடாது. நண்டு ஓடியது. இடது பக்கம் ஒரு வரிகூட விழவில்லை. அடுத்து, பொய் சர்வரையே நிறுத்திவிட்டு ஓட்டினாள். வாங்க ஆளில்லாவிட்டால் நண்டு முழித்துக்கொண்டு நிற்குமா? நிற்கவில்லை. கொடுத்துப் பார்த்து, ஆளில்லை என்றதும் தன் பாட்டுக்கு முடிந்துவிட்டது.

ஹேமாவுக்கு இது ஒரு விளையாட்டுப் போல ஆகிவிட்டது. “இப்படிப் பண்ணா? அப்படிப் பண்ணா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பிரியா ஒவ்வொன்றையும் செய்து காட்டினாள். எல்லாமே சரியாக வந்தன.

மத்தியானம் நெருங்கியபோது பிரியா கைபேசியை எடுத்தாள். ‘எல்லாம் பார்த்துவிட்டேன் சார். சரியாக இருக்கிறது. வெளியிடலாம்’ என்று நாகேந்திரனுக்குத் தட்டி முடித்தாள்.

“அண்ணி, அனுப்புறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை ஓட்டட்டா? கை அரிக்குது.”

“ஓட்டேன்.”

ஹேமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஆய்வகத்தில் மாணவர்கள் செய்கிற மாதிரியே முதலில் ஒரு புது ஃபோல்டர் உருவாக்கினாள். அதற்குள் ஒரு சின்ன நிரல் எழுதினாள். ‘நண்டு ஓட்டு’ தட்டினாள். இடது பக்கம் வரிகள் விழுந்தன.

அந்த நேரத்தில் தாட்சாயிணி ஒரு கையில் மோர்ச் செம்பும் இன்னொரு கையில் டம்ளர்களுமாக மேலே வந்தாள். மருமகளின் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கில எழுத்து அவ்வளவாக ஓடாது. ஆனால் எண்கள் ஓடும்.

“இது நம்ம ஹேமா நம்பர் ஆச்சே” என்றாள். “இங்க இன்னாத்துக்குக் கீது?”

இரண்டு பேரும் திரும்பித் திரையைப் பார்த்தார்கள்.

‘திட்டம்’ என்ற இடத்தில் காலையிலிருந்து ‘டெஸ்ட்’ என்றே வந்துகொண்டிருந்தது. இப்போது அங்கே ஹேமாவதி என்ற பெயரும், ஒரு பதிவு எண்ணும், அவளுடைய பத்து இலக்கக் கைபேசி எண்ணும் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

பிரியாவின் கையில் இருந்த கைபேசி தானாகக் கீழே இறங்கியது.

நடந்தது இதுதான். நண்டு எந்த ஃபோல்டருக்குள் நின்று ஓடுகிறதோ, அதன் பெயரைத் ‘திட்டம்’ என்று எடுத்து அனுப்பும். பிரியாவின் அலுவலகத்தில் எல்லோரும் ஃபோல்டருக்கு ‘டெஸ்ட்’, ‘புதுசு’, ‘கடைசி’ என்றுதான் பெயர் வைப்பார்கள். அதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை. ஹேமாவின் ஆய்வகத்தில் வழக்கம் வேறு. அங்கே ஒரே கணினியில் காலையில் ஒருவர், மத்தியானம் ஒருவர் உட்காருவார்கள். ஒரு மாதிரித் தேர்வு நாளில் யாருடைய வேலையையோ யாரோ அழித்துவிட, ஒரு பையன் அழுதே விட்டான். அன்றைக்கு ஹேமா ஒரு விதி போட்டாள். ஃபோல்டர் பெயரில் முழுப் பெயர், பதிவு எண், கைபேசி எண் மூன்றும் இருக்க வேண்டும். யாராவது மறந்து விட்டுப் போனால் உடனே கூப்பிட்டுக் கேட்கலாம். நல்ல விதிதான். அதற்குப் பிறகு ஒரு ஃபோல்டர்கூடத் தொலைந்ததில்லை.

இரண்டு இடத்திலும் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அங்கே வைக்கிற பெயர் இங்கே போய் விழும் என்பது மட்டும் இரண்டு பக்கமும் தெரியாமல் போயிற்று.

“ஒன்னும் போகாதுன்னு சொன்னீங்களே அண்ணி.” ஹேமா திரையைக் காட்டினாள். “நான் பொறுப்புன்னு வேற சொல்லிட்டு வந்திருக்கேன்.”

“நீ எதுக்கு ஃபோன் நம்பரெல்லாம் ஃபோல்டருக்கு வைக்கச் சொன்ன? யாராவது அப்படி வைப்பாங்களா?”

“ஆமா, என் தப்புதான்! பேரு எடுத்துக்கிட்டுப் போறது உங்க நண்டு, தப்பு மட்டும் என்னோடது!”

“அதில்ல ஹேமா...”

“இந்தா, ரெண்டு பேரும் மொதல்ல மோரைக் குடிங்க” என்று தாட்சாயிணி டம்ளர்களை நடுவில் நீட்டினாள். “எனக்கு ஒன்னு மட்டும் சொல்லு பிரியா. இந்த நம்பரு இப்ப நம்ம ஊட்டுக்குள்ளதானே கீது?”

“ஆமா அத்தை. இது வெளிய போகல.”

“அப்போ இன்னாத்துக்குக் கத்துறீங்க?”

“பசங்க நம்பரெல்லாம் போயிருக்கு அத்தை. போன பருவத்துலேர்ந்து. எங்க சர்வர்லதான் இருக்கு. நாங்க யாரும் எடுத்துப் பாக்கல. ஆனா இருக்கு.”

தாட்சாயிணி கொஞ்சம் யோசித்தாள். “கேக்காம எடுத்ததுதானே? எடுத்தவங்கதான் திருப்பிக் குடுக்கணும். இல்லாங்காட்டி அழிக்கணும். அதுக்கு வழி பாரு” என்று சொல்லிவிட்டு, குழம்பைப் பார்க்கக் கீழே போனாள்.

பிரியா கைபேசியில் தட்டி வைத்திருந்த வரியை எழுத்து எழுத்தாக அழித்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஹேமா, சிறிது நேரம் கழித்துத் தன் நாற்காலியை அண்ணியின் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

“சரி, எடுத்துடலாமா?”

“எடுத்துடலாம்.”

எடுப்பது பெரிய வேலையாக இல்லை. ஃபோல்டரின் பெயரைச் சேர்க்கிற வரியை நிரலில் தேடி நீக்கினாள். திருத்திய நிரலிலிருந்து நண்டைப் புதிதாகக் கட்டினாள். ஹேமா அதே ஃபோல்டரில் ஓட்டினாள். ‘திட்டம்’ என்ற வரியே இல்லை.

“அப்பாடா” என்றாள் ஹேமா.

“இரு. இப்ப வேணும்னே தப்பா எழுது. கடைசியில அரைப்புள்ளி வைக்காத.”

“ஏன்?”

“காலையிலேர்ந்து நான் தப்பே இல்லாத நிரலைத்தான் ஓட்டிக்கிட்டு இருக்கேன். உன் பசங்க அப்படியா எழுதுவாங்க?”

ஹேமா சிரித்துவிட்டாள். “அரைப்புள்ளி வெச்சா அது எங்க லேப்பே இல்ல.”

தப்பாக எழுதி ஓட்டினாள். பிழை வந்தது. இடது பக்கம் வந்து விழுந்த அந்தப் பிழைச் செய்தியில், நிரல் கணினியில் எங்கே இருக்கிறது என்ற முழு வழியும் இருந்தது. வழியில் ஃபோல்டரின் பெயர். பெயரோடு கைபேசி எண். வாசலை அடைத்தால் கொல்லைப்புறமாக வந்து நின்றது அது.

“இதை யாரு பாத்திருப்பா?” என்று ஹேமா வாயில் கை வைத்தாள்.

“நீ ஓட்டலைன்னா நான் பாத்திருக்கவே மாட்டேன்.” பிரியா ஏற்கனவே தட்ட ஆரம்பித்திருந்தாள். பிழைச் செய்தி முழுவதையும் அனுப்ப வேண்டிய அவசியம் என்ன? எந்த வகைப் பிழை என்று சொல்ல ஒரு குறியீடு போதும். மருத்துவரிடம் போகிறவர் காய்ச்சல் எவ்வளவு என்று சொன்னால் போதும், ஊர் முகவரியும் சேர்த்தா சொல்ல வேண்டும்? அதையும் மாற்றினாள். மறுபடி கட்டினாள். ஹேமா இப்போது வரிந்துகட்டிக்கொண்டு ஓட்டினாள். தமிழில் பெயர் வைத்தாள். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வைத்தாள். நடுவிலேயே நிறுத்தினாள். எதிலும் பெயர் வரவில்லை, எண் வரவில்லை.

கீழே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பிரியாவின் கணவன் வினோத், செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். அரை நாள் வேலை முடிந்து வந்தவன் மேலே ஏறி வந்து கதவருகே நின்றான்.

“கரண்ட் இல்லாத ஊட்ல ரெண்டு பேரும் ஒட்டி உக்காந்துகினு இன்னா படமா பாக்குறீங்க?”

கீழேயிருந்து அவன் அம்மா பதில் சொன்னாள். “உன் தங்கச்சி நம்பரை நண்டு கவ்விகினு போச்சாம்டா! புடிச்சிட்டாங்க!”

வினோத் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “எனக்குப் புரியல. ஆனா பசிக்குது.”

“போய் சாப்பிடுங்க. நாங்க ஒரு ஃபோன் பேசிட்டு வரோம்” என்றாள் பிரியா.

நாகேந்திரன் முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு பெருமூச்சு விட்டார்.

“திங்கட்கிழமை வெளியீட்டுக்கு எல்லாருக்கும் சொல்லியாச்சேம்மா.”

“வெளியிடலாம் சார், திருத்தினதை. பழைய தகவல்ல அந்த ரெண்டு இடத்தையும் சர்வர்ல அழிச்சிடணும். நண்டை வெச்சிருக்கிற எல்லாக் கல்லூரிக்கும் நடந்ததை எழுதிடணும்.”

“எழுதணுமா? சத்தமில்லாம அழிச்சிட்டாப் போதாதா?”

“அவங்ககிட்ட கேக்காமத்தான் சார் எடுத்தோம். சொல்லாம அழிச்சா, எடுத்ததே தெரியாமப் போயிடும்.”

“சரி. அழிக்கிற வேலையை நானே இன்னைக்கு உக்காந்து பாக்குறேன். கடிதத்தை நீங்க எழுதுங்க. நீங்க எழுதுனா புரியும்” என்று வைத்துவிட்டார்.

அடுத்த ஃபோன் ஹேமாவுடையது. தனியாகப் பேச அவள் மொட்டை மாடிக்குப் போகவில்லை. அண்ணியின் பக்கத்திலேயே நின்றுகொண்டு பேசினாள்.

“சார், நான் ஹேமாவதி. வியாழக்கிழமை நான் உங்ககிட்ட சொன்னது தப்பு சார்.”

எதிலிருந்து தொடங்குவது என்று யோசிக்காமல் தொடங்கிவிட்டதால் மற்றதெல்லாம் தானாக வந்தது. ஃபோல்டர் பெயர், அதில் தான் போட்ட விதி, பிழைச் செய்தி, பொய் சர்வர், கரண்ட் போனது எல்லாவற்றையும் சொன்னாள்.

“நீங்களே கண்ணால பாத்தீங்களா?” என்று கேட்டார் லோகநாதன்.

“என் நம்பரே வந்துச்சு சார். எங்கம்மாதான் மொதல்ல பாத்தாங்க.”

அந்தப் பக்கம் சிரிப்பு மாதிரி ஏதோ கேட்டது. “வியாழக்கிழமை நீங்க பொறுப்புன்னு சொன்னப்போ, உங்க அண்ணிகிட்ட எழுதி வாங்கிட்டு வரச் சொல்லணும்னு இருந்தேன். இப்ப அது வேணாம். திங்கட்கிழமை கூட்டத்துக்கு முன்னாடி உங்க அண்ணியைக் கூட்டிட்டு வாங்க. லேப்ல நெட்டைப் புடுங்கிட்டு, பசங்க கண்ணு முன்னாடி பழைய நண்டையும் ஓட்டுங்க, புது நண்டையும் ஓட்டுங்க. இருக்கணுமா வேணாமான்னு அவங்களையும் கேட்டுக்கிட்டே முடிவு பண்ணலாம்.”

“சரி சார்.”

“அப்புறம் ஹேமா, அந்தக் கேள்வி நானா கேட்டது இல்ல. மூணாவது வருஷம் நிஷா வந்து கேட்டா. அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன்.”

ஹேமா ஃபோனை வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

“என்ன ஆச்சு? திட்டினாரா?”

“இல்ல. நல்லாத்தான் பேசினார். நீங்க வந்து பசங்க முன்னாடி பேசணுமாம்.”

“நானா? அத்தனை பேரு முன்னாடியா? நான் கறுப்புத் திரைக்கு முன்னாடிதான் நல்லாப் பேசுவேன்.” பிரியா பதறியது நிஜம்தான். ஆனால் ஹேமாவின் முகம் இன்னும் தெளியவில்லை. “வேற ஏதோ இருக்கு. சொல்லு.”

“நிஷான்னு ஒரு பொண்ணு அண்ணி. நான் அந்த விதி போட்டப்போ, ஃபோன் நம்பர் எதுக்கு மேடம்னு கேட்டது அவ ஒருத்திதான். எல்லாரும் வெக்கிறாங்க இல்ல, நீயும் வைன்னு சொல்லி உக்கார வெச்சிட்டேன். அவதான் சார்கிட்ட போயிருக்கா.”

மடிக்கணினியின் மூலையில் பேட்டரி சிவப்புக்கு வந்திருந்தது. பிரியா எல்லாவற்றையும் சேமித்துவிட்டு மூடினாள்.

கீழே தட்டுகள் வைக்கும் சத்தம். “திங்கட்கிழமை நானும் காலேஜுக்கு வரட்டா?” என்று தாட்சாயிணி கேட்டுக்கொண்டிருந்தாள். “மொதல்ல கண்டுபுடிச்சது நான்தானேடா!” வினோத் வாயில் சோற்றோடு ஏதோ சொல்லிச் சிரித்தான்.

ஹேமா படியில் இறங்கப் போனவள் நின்று, கைபேசியை எடுத்தாள். ஆய்வக மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து ஒரு செய்தி தட்டினாள். ஒருமுறை வாசித்துப் பார்த்து அனுப்பினாள். ‘இன்று முதல் யாரும் ஃபோல்டர் பெயரில் ஃபோன் நம்பர் வைக்க வேண்டாம். பெயரும் வேண்டாம். லேப் சீட் எண்ணும், காலையா மத்தியானமா என்பதும் மட்டும் போதும்.’

சனிக்கிழமை மத்தியானத்தில் இவ்வளவு பேர் விழித்திருப்பார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கட்டைவிரல்கள் வரிசையாக உயர்ந்தன. சரி மேடம், ஓகே மேடம், நன்றி மேடம். நடுவில் நிஷாவின் பெயர் தோன்றியது. தட்டச்சு செய்கிறாள் என்று காட்டியது, நின்றது. மறுபடி காட்டியது, மறுபடி நின்றது. கடைசியில் ஒரு வரி வந்தது.

‘இப்போ மட்டும் ஏன் மேடம்?’

ஹேமா கைபேசியை அண்ணியிடம் நீட்டினாள். பிரியா வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“சாப்பிட்டு வந்து எழுதட்டா?”

“சோறு எங்கயும் போகாது” என்றாள் பிரியா.

ஹேமா மாடிப்படியின் மேல்படியிலேயே உட்கார்ந்தாள். ‘நல்ல கேள்வி, நிஷா’ என்று தட்டி நிறுத்தினாள். அடுத்த வரியை எப்படித் தொடங்குவது என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. பிரியா இடம் பார்த்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.